கைரேகை அழியாமல் ஒரு கூட்டு எலக்ட்ரானிக் ஆல்பம்

50 வருடமாக சிந்தசைஸர் வாசித்துவரும் ஒருவர், தன் 71-வது வயதில், பெரும்பாலும் இளையவர்களான 11 பேரோடு சேர்ந்து ஓர் ஆல்பம் போட ஆசைப்பட்டார். நடுவில் நின்று அதை நடத்திக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. ரெக்கார்டிங், கோப்புகளை அனுப்பி வாங்குவது, எந்தப் பாட்டு யார் கையில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது, கடைசியில் மிக்ஸ். மொத்தம் இரண்டரை வருடம் ஆனது. அவரை இங்கே சார் என்றே எழுதுகிறேன். ஸ்டுடியோவில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

இதே மாதிரி ஒரு வேலை உங்கள் கைக்கு வந்தால் எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அந்த மூத்த கலைஞரின் சிஷ்யராக இருக்கலாம், மகளாக இருக்கலாம், சவுண்ட் இன்ஜினியராக இருக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஆல்பத்தில் எல்லோரையும்விட எளிதாகக் காணாமல் போகிறவர் அந்த மூத்தவர்தான். அட்டையில் பெயர் பெரிதாக இருக்கும், பாட்டுக்குள் ஆள் இருக்க மாட்டார். கீழே சொல்லும் வேலைகள் பெரும்பாலும் அதைத் தடுப்பதற்காகத்தான்.

பழைய பெட்டிகளைத் திறப்பது

யாரை அழைக்கலாம் என்று பட்டியல் போடுவதற்கு முன், அவரிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாரின் அலமாரியில் கால் அங்குல டேப் 23 சுருள், டிஜிட்டல் ஒலிநாடாவான டாட் கேசட் ஒரு பெட்டி, சாம்ப்ளர் (பதிவு செய்த ஒலித் துணுக்குகளை வாசிக்கும் கருவி) ஃப்ளாப்பி அறுபது சொச்சம் இருந்தன. ஆர்வத்தில் எதையும் உடனே ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள். 1970-80களில் வந்த சில டேப்புகளில் காந்தப் பூச்சைப் பிடித்துவைத்திருக்கும் பசை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து மெஷினின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அதோடு அந்த ரெக்கார்டிங் போச்சு. இந்த மாதிரி டேப்பைக் குறைந்த வெப்பத்தில் மணிக்கணக்கில் சூடுகாட்டி, பிறகு ஓட்டி, அப்போதே டிஜிட்டலில் எடுத்துவிட வேண்டும். அதில் பழக்கமுள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ஃப்ளாப்பிகளையும் சாம்ப்ளரில் போட்டுக் கேட்பதற்கு முன்பு கணினியில் அப்படியே பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த தடவை அது படிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அப்புறம் வாத்தியங்கள். பழைய அனலாக் சிந்தசைஸரை ஆன் செய்தவுடன் ரெக்கார்ட் செய்யக் கூடாது. உள்ளே ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர்களின் சுருதி சூட்டைப் பொறுத்து நகரும். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அதன்பிறகு சுருதி சேர்த்து, ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரே ஒரு ஸ்வரத்தை ஐந்து விநாடி நீட்டி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் ஒருவர் அதன்மேல் பியானோ வாசிக்கும்போது, சுருதி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த ஐந்து விநாடிதான் கைகொடுக்கும்.

மின்னணு வாத்தியங்களும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி முறை வந்தது 1983-ல். அதற்கு முந்தைய வாத்தியங்களில் பலவற்றுக்கு ஞாபகசக்தி கிடையாது. குமிழ்கள் எந்த இடத்தில் நிற்கின்றனவோ அதுதான் பேட்ச், அதாவது அந்த ஒலியின் அமைப்பு. அதனால் ஒவ்வொரு ஒலியைப் பதிவு செய்யும்போதும் பலகை முழுவதும் தெரிகிற மாதிரி நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். சாய்வாக எடுத்தால் குமிழின் கோடு எங்கே நிற்கிறது என்று பிறகு தெரியாது. சாரின் சிந்தசைஸர் ஒன்றில் ஃபில்டர் குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருந்தது. அச்சிட்ட எண் எதற்கும் நேராக இல்லை, இரண்டு எண்களுக்கு நடுவே கொஞ்சம் இடப்பக்கம். குமிழை அந்தக் கோட்டில் நிறுத்தினால் ஒலி மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பாடுவது போல வரும். நூலிழை தள்ளினாலும் கதவு திறந்துவிடும். இளம் வயதில் ஒரு இரவு முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த இடம் என்றார். அவருடைய கைரேகை என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான். எந்தச் சாம்பிள் தொகுப்பிலும் அது கிடைக்காது.

எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். க்ளிக் (தாளம் காட்டும் 'டிக் டிக்' ஒலி) வேண்டாம், "இப்போ டேக் போகலாமா சார்" வேண்டாம். சுருதி சரிபார்ப்பதற்காக என்று சொல்லி அவர் வாசித்துக்கொண்டே இருந்த முதல் வாரப் பதிவுகளிலிருந்துதான் எங்கள் ஆல்பத்தின் ஒன்பது பாட்டுகளில் மூன்று பிறந்தன.

யாரை அழைப்பது

இந்த வகையில் எல்லோரும் பார்க்கும் முன்மாதிரி ஃபிரெஞ்சு இசைக்கலைஞர் ழான்-மிஷெல் ழார் செய்த 'எலக்ட்ரானிக்கா'. முதல் பாகம் 2015 அக்டோபரில், இரண்டாம் பாகம் 2016 மே மாதத்தில் வந்தது. 1976-லேயே 'ஆக்சிஜன்' ஆல்பத்தால் உலகம் முழுக்கத் தெரிந்தவர் அவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, இரண்டு பாகத்திலும் சேர்த்து முப்பது பேர் அளவுக்கு அழைத்தார். வின்ஸ் கிளார்க், லாரி ஆண்டர்சன், ஜான் கார்பென்டர், ஜெஃப் மில்ஸ், பியானோ கலைஞர் லாங் லாங் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஆட்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் பலரும் அசந்துபோகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அவர் வேலை செய்த விதம். இணையத்தில் கோப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், முடிந்தவரை நேரில் போய்ச் சந்தித்தார். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை, அந்த ஆளை நினைத்தே உருவாக்கிய ஒரு துண்டு இசையோடு போனார்.

அதில் டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மானிய எலக்ட்ரானிக் குழுவோடு செய்த பாட்டும் ஒன்று. அந்தக் குழுவைத் தொடங்கிய எட்கர் ஃப்ரோஸ 2015 ஜனவரியில் இறந்துபோனார். ஆல்பம் வெளிவந்தபோது அவர் இல்லை. மூத்தவர்களோடு வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு, எந்தச் சந்திப்பையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளாமல் இருப்பது நல்லது. எங்கள் ஆல்பத்திலும் சாரைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய பாட்டைத்தான் முதலில் முடித்தோம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். எங்களுக்கு 11 பேர் அதிகம்தான். ஒவ்வொருவரிடமும் சாரிடம் இல்லாத ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவருடைய ஒலியைக் கேட்டு வளர்ந்து, அதையே போலச் செய்கிற இளையவர்கள் நிறைய வருவார்கள். பாசத்தோடு வருவார்கள். ஆனால் அவர்களோடு செய்கிற பாட்டில் ஒரே ஆள் இரண்டு தடவை வாசித்த மாதிரிதான் இருக்கும். எங்களுக்கு நன்றாக அமைந்தது மாட்யுலர் சிந்தசைஸர் (தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து வாசிப்பது) வைத்து வேலை செய்யும் ஒரு பெண்ணோடு செய்த பாட்டு. தனக்கு மெல்லிசை பிடிக்காது என்று முதல் சந்திப்பிலேயே நேராகச் சொன்னார். சார் அன்று இரவே அவருக்காக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இடம் விட்டு அனுப்புவது

அழைத்தவருக்கு எதை அனுப்புவது? இங்கேதான் பெரும்பாலான கூட்டு ஆல்பங்கள் சறுக்குகின்றன. மூத்தவர் முழுப் பாட்டையும் செய்து அனுப்பினால், வாங்குகிறவர் மரியாதை காரணமாக ஓரத்தில் கொஞ்சம் அலங்காரம் செய்து திருப்பி அனுப்புவார். ஒன்றுமே இல்லாமல் "நீங்க ஏதாவது பண்ணுங்க" என்று விட்டால், அவர் தன் பாட்டைச் செய்துவிட்டு மூத்தவருக்கு நடுவில் எட்டு பார் (தாளச் சுற்று) சோலோ ஒதுக்குவார்.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. துண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நான்கு ட்ராக்குக்கு மேல் கூடாது. அனுப்புவதற்கு முன் அதிலிருந்து ஒன்றை வேண்டுமென்றே எடுத்துவிட வேண்டும். தாளக்காரருக்கு அனுப்பினால் தாளத்தை எடுத்துவிடுவோம். பாடகிக்கு அனுப்பியதில் மேல் ஸ்தாயியில் எதுவும் வைக்கவில்லை. பேஸ் ஒலியில் பெயர் வாங்கிய பையனுக்கு, கீழே 150 ஹெர்ட்ஸ் வரை ஒன்றுமே இல்லாத துண்டு போனது. இடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காலியாக இருந்தால் ஆள் தயங்காமல் உள்ளே வருவார்.

இடம் விடுவதன் வலிமையைக் கேட்க வேண்டுமானால் 2021-ல் வந்த 'ப்ராமிஸஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் எலக்ட்ரானிக் கலைஞர் சாம் ஷெப்பர்டும், சாக்ஸஃபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸும், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து செய்தது. வெளிவந்தபோது சாண்டர்ஸுக்கு 80 வயது. ஒன்பது பகுதி, 46 நிமிடம். ஏழே ஸ்வரம் கொண்ட ஒரு சின்னத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த அளவுக்குப் பொறுமையாக ஒருவர் தரையைப் போட்டுக்கொடுத்ததால்தான் பெரியவரின் ஒவ்வொரு மூச்சும் கேட்கிறது. அங்கே தரை போட்டவர் இளையவர், நடந்தவர் மூத்தவர். எங்கள் ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளில் இந்த வரிசையைத் திருப்பிப் பார்த்தோம். இளையவர்கள் துண்டு அனுப்பினார்கள், சார் அதன்மேல் வாசித்தார். அந்த இரண்டும் மற்ற ஏழு பாட்டுகளைவிட எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஜப்பானிய இசைக்கலைஞர் ரியூச்சி சகாமோட்டோ தன் பியானோ பதிவுகளை ஜெர்மானியக் கலைஞர் ஆல்வா நோட்டோவுக்கு அனுப்பினார். அவர் அதைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டி, மெல்லிய மின் ஒலிகளைச் சேர்த்துத் திருப்பினார். 2002-ல் 'வ்ரியூன்' அப்படித்தான் வந்தது. பியானோ வெட்டுப்பட்டாலும் அது யாருடைய பியானோ என்று கேட்டவுடன் தெரிகிறது. வெட்டுகிறவர் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோப்பு விஷயம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாமே வேவ் ஃபைல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எந்த ட்ராக் எங்கே தொடங்கினாலும் கோப்பு மட்டும் பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். கோப்பின் பெயரில் பாட்டு, வாத்தியம், டெம்போ (பாட்டின் வேகம்), தேதி நான்கும் இருக்க வேண்டும். "ஃபைனல்", "புது ஃபைனல்" என்று எந்தக் கோப்புக்கும் பெயர் வைக்காதீர்கள். ரிவெர்ப், டிலே மாதிரியான எதிரொலி விளைவுகளைப் போட்டதையும் போடாததையும் தனித்தனியாக எடுங்கள். மிடி இருந்தால் அதையும் கூடவே அனுப்புங்கள். எந்த ட்ராக்கும் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறோம் என்ற கணக்கு) விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு முறை ஒருவரிடமிருந்து வந்த கோப்பு மொத்தமும் வேகமாகவும் ஸ்கேல் ஏறியும் இருந்தது. சார் இரண்டு நாள் அதைக் கேட்டு, புது ஸ்கேலுக்கு ஏற்ற மாதிரி கார்டுகளை (ஸ்வரக் கூட்டுகளை) மாற்றி யோசித்துக்கொண்டிருந்தார். விஷயம் என்னவென்றால் 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை யாரோ 48 என்று குறித்துவிட்டார்கள். அப்படி ஆனால் பாட்டு கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறிவிடும், வேகமும் 9 சதவீதம் அளவுக்குக் கூடிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு செஷனோடும் அந்தந்த ஆளின் குரலில் பத்து விநாடி பேசி அனுப்பச் சொன்னேன். "இது இன்ன பாட்டு, இத்தனை பிபிஎம்" என்று சொன்னால் போதும் (பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை பீட்). பேச்சு வேகமாகக் கேட்டால் கோப்பில் தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

க்ளிக்கும் கையும்

இப்போது முக்கியமான இடம்.

இரண்டாவது பாட்டு திரும்பி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 24 வயதுப் பையன் ஒருவன் செய்தது. டெம்போ 112. ஒலி அத்தனை சுத்தம், கிக் ட்ரம் நெஞ்சில் வந்து இடித்தது. எனக்குப் பிடித்திருந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் நிமிடத்தில் அவருடைய விரல்கள் மேசைமேல் தானாக வாசித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன. பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கும்மா. இதுல நான் எங்க இருக்கேன்?"

அவர் வாசித்தது ஒரு ஸ்வரம்கூட விடாமல் அதில் இருந்தது. பேட்சும் அவருடையதே. ஆனால் பையன் எல்லாவற்றையும் க்ளிக்கின் கட்டத்துக்குள் இழுத்து வைத்துவிட்டான். இப்போதைய மென்பொருளில் அது ஒரு பட்டன். பழக்கத்தில் கை போய்விடும், தப்பென்றே தோன்றாது. நான் இரண்டு பதிவையும் மேலும் கீழும் வைத்துப் பார்த்தேன். 112 பிபிஎம்மில் ஒரு பீட்டை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 134 மில்லிசெகண்ட். சார் பீட்டின் முதல் ஸ்வரத்தைச் சரியாக க்ளிக்கில் வைக்கிறார். இரண்டாவதும் நான்காவதும் ஒவ்வொரு தடவையும் 18 முதல் 25 மில்லிசெகண்ட் தாமதமாக வருகின்றன. மூன்றாவது ஒரு பொடி முந்துகிறது. தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒழுங்கு. 1970-களில் அவர் வாசித்த ஒரு டேப்பை எடுத்து அளந்தேன், அதிலும் அதே கணக்கு. அந்த 20 மில்லிசெகண்டில்தான் சார் இருந்தார். அதைத்தான் அந்தப் பட்டன் துடைத்துவிட்டது.

அதனால் நாங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். நீங்களும் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள். மூத்தவரைக் க்ளிக்குக்கு வாசிக்கச் சொல்லாமல், அவர் வாசித்ததிலிருந்து க்ளிக்கை உருவாக்குங்கள். பதிவை ரெக்கார்டிங் மென்பொருளில் போட்டு, ஒவ்வொரு பாரின் முதல் அடியையும் காதால் கேட்டுக் கையால் குறியுங்கள். மென்பொருளே தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் மெதுவாக எழுந்து நீண்டு நிற்கும் பேட் (pad) ஒலிகளில் அது தடுமாறும். குறித்து முடித்ததும் டெம்போ 111.4, 112.1, 111.8 என்று மூச்சுவிடுகிற மாதிரி அசையும் ஒரு வரைபடம் கிடைக்கும். கோப்புகளோடு அந்த டெம்போ வரைபடத்தையும் அனுப்புங்கள். எதிரில் இருப்பவரின் ட்ரம் மெஷினும் சீக்வென்ஸரும் அவரோடு சேர்ந்து அசையும். மூன்று நிமிடப் பாட்டுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

கட்டாயமாக ஒரே டெம்போவில் ஓட வேண்டிய நடனப் பாட்டாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. பெரும்பாலான மென்பொருள்களில் ஒருவர் வாசித்ததிலிருந்து அவருடைய நடையை மட்டும் பிரித்தெடுத்து, குரூவ் என்று சேமித்து, அதை மற்ற ட்ராக்குகளுக்குப் போடலாம். சாரின் நடையை எடுத்துப் பையனின் ஹை-ஹாட்டுக்கு (ஜால்ரா மாதிரியான தாள ஒலி) போட்டோம். கிக் மட்டும் கட்டத்தில் நேராக நின்றது. பையன் அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, என் ட்ராக்குக்கு இப்பதான் இடுப்பு வந்திருக்கு" என்றான். சார் மறுபடியும் கேட்டார். இந்த முறை விரல்கள் கடைசி வரை நிற்கவில்லை.

தூரத்தில் இருந்து சேர்ந்து வாசிப்பது

இணையம் வழியாக ஒரே நேரத்தில் வாசிக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழைக் கேபிளில் சமிக்ஞை ஒரு மில்லிசெகண்டில் 200 கிலோமீட்டர் அளவுக்குத்தான் போகும். 5,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அதுவே 25 மில்லிசெகண்ட். இரண்டு பக்கத்துக் கணினிகளும் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. ஒரு பக்கத் தாமதம் 25, 30 மில்லிசெகண்டைத் தாண்டினால், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்துத் தாளம் மெல்லத் தளர்ந்துவிடும். தாளமில்லாத, மிதக்கிற இசை என்றால் பிரச்சினை இல்லை. நாங்கள் ஒரு பாட்டின் ஆலாபனை மாதிரியான தொடக்கத்தை அப்படித்தான் எடுத்தோம். இரண்டு பக்கமும் அவரவர் இடத்தில் தனியாகப் பதிவு செய்து, பிறகு சேர்த்தோம். இணையத்தில் வந்த ஒலியை அப்படியே ஆல்பத்தில் போட வேண்டாம்.

ஆனாலும் ஒவ்வொருவரோடும் ஒரே ஒரு நாளாவது ஒரே அறையில் உட்காருங்கள். வாத்தியத்தைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மாட்யுலர் வாசிக்கும் பெண் வந்த அன்று இரண்டு பேரும் மூன்று மணி நேரம் வயர்களைப் பற்றியே பேசினார்கள். பழைய சிந்தசைஸர்கள் பலவற்றில் சுருதியை ஏற்றி இறக்கும் மின்னழுத்தம் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். கோர்க், யமஹாவின் சில பழைய மாடல்களில் வோல்ட்டுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று வேறு கணக்கு. இரண்டையும் நேராக இணைத்தால் சுருதி சேராது. அப்படிச் சேராமல் போனதையே பதிவு செய்யலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது சார் குழந்தை மாதிரி சிரித்தார். ஆறாவது பாட்டின் நடுப்பகுதி அதுதான்.

கடைசி வார்த்தையும் பங்கும்

முதல் கோப்பு போவதற்கு முன்பே இரண்டு விஷயத்தை எழுத்தில் முடித்துவிடுங்கள். ஒன்று, ஒரு பாட்டு எத்தனை முறை போய் வரலாம், அபிப்பிராய பேதம் வந்தால் யார் முடிவு செய்வது. நாங்கள் மூன்று முறை என்று வைத்தோம், முடிவு சாருடையது. இரண்டு, உரிமை. இசையமைப்புக்கு ஒரு உரிமை, பதிவுக்கு வேறு உரிமை. இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு கடைசியில் மனக்கசப்பில் முடிந்த ஆல்பம் ஒன்றில் நான் முன்பு வேலை செய்திருக்கிறேன். எட்டு மாத உழைப்பு இன்றுவரை வெளிவரவில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு தாள் போதும். யார் என்ன செய்தார், இசையமைப்பில் எத்தனை சதவீதம், பதிவில் எத்தனை சதவீதம், பெயர் எப்படிப் போட வேண்டும், கையெழுத்து. பாட்டு முடிந்த அன்றே போடுங்கள், அன்றைக்குத்தான் எல்லோருக்கும் எல்லோர்மேலும் அன்பு இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் அதே தாளில் எழுதி வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

மிக்ஸும் காதும்

இளையவர்களின் ரஃப் மிக்ஸ் சத்தமாக வரும். சத்தமாக இருப்பது எப்போதுமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். மூத்தவரிடம் போட்டுக்காட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குறைத்துவிடுங்கள், நியாயமாக ஒப்பிட முடியும்.

எலக்ட்ரானிக் இசையில் கிக் அடிக்கும்போதெல்லாம் மற்ற ஒலிகள் அமுங்கி எழுகிற மாதிரி சைட்செயின் போடுவது வழக்கம். சாரின் பேட் ஒலிகள் மெதுவாக மலர்கிறவை. அவற்றை அப்படி அமுக்கினால் மலர்வது போய்விடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அமுங்குகிற மாதிரி அமைத்தேன். கிக்குக்கும் வழி கிடைத்தது, மேலே அவருடைய வாசிப்பும் தொடாமல் நின்றது. பழைய மோனோ சிந்தசைஸர்களை ஸ்டீரியோவாக அகலப்படுத்தும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். சுற்றிலும் இளையவர்களின் ஒலிகள் அகலமாக விரிந்திருக்க, நடுவில் ஒற்றைக் கோடாக அது நிற்கும்போதுதான் காது தானாக அதைத் தேடிப் போகிறது.

இன்னொன்று, மரியாதையோடு கையாள வேண்டிய விஷயம். வயதாக ஆக முதலில் மங்குவது மேல் அதிர்வெண்கள். எழுபது வயதில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது பலருக்கு மிகவும் மெலிதாகத்தான் கேட்கும். சார் ஒவ்வொரு மிக்ஸிலும் ஹை-ஹாட்டை ஏற்றச் சொன்னார். இரண்டு மூன்று முறை ஏற்றினேன், இளையவர்களுக்குக் காதைக் குத்தியது. அவரிடம் மறைத்துவிட்டு ஓசைப்படாமல் குறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது துரோகம் என்று பட்டது. ஒருநாள் உட்கார்ந்து நேராகச் சொன்னேன், திரையில் அலைவரிசைப் படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மேல இருக்கிறத நீ பாத்துக்க. கீழ இருக்கிறத நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அப்படியே வேலையைப் பிரித்துக்கொண்டோம். பேஸ் எங்கே முடிய வேண்டும், ரிவெர்பின் வால் எத்தனை நீளம், எந்த ஸ்வரம் முன்னால் வர வேண்டும் என்பதில் அவர் காதுக்கு இணையாக அந்த அறையில் யாரும் இல்லை. ரிவெர்பைக் கால் விநாடி குறைக்கச் சொல்வார், பாட்டே எழுந்து நிற்கும்.

வினைல் தட்டிலும் வெளியிடுவதாக இருந்தால் பாட்டு வரிசையை மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) முன்பே முடிவு செய்யுங்கள். பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் ஒலியின் அளவைக் குறைக்க வேண்டிவரும். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக மேல் அதிர்வெண்கள் தெளிவிழக்கும். அதனால் கூர்மையான பாட்டுகளை வெளிப்புறத்திலும் மென்மையானவற்றைப் பக்கத்தின் கடைசியிலும் வைத்தோம். ஸ்ட்ரீமிங்குக்குத் தனி மாஸ்டர் எடுத்தோம். பல தளங்கள் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கத்தில் எல்லாப் பாட்டையும் சமப்படுத்திவிடுவதால், அதைவிடச் சத்தமாக நசுக்குவதில் ஆதாயம் கொஞ்சமும் இல்லை.

ஆல்பம் வெளிவந்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கும். ரிவெர்ப் போடாத கோப்புகள், டெம்போ வரைபடங்கள், மிடி, பழைய டேப்புகளின் பிரதி எல்லாவற்றையும் மூன்று பிரதியாக எடுத்து, ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். ஒன்றை மூத்தவரின் வீட்டில் கொடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று குடும்பத்தில் ஒருவருக்காவது காட்டிக்கொடுங்கள். பேட்ச் படங்களைத் தாளில் அச்செடுத்து அந்தந்த சிந்தசைஸரின் பெட்டிக்குள் போட்டேன். பென்சில் கோடு போட்டிருந்த அந்த ஃபில்டர் குமிழுக்கு மட்டும் படம் போதாது என்று சாருக்குத் தோன்றியது. குமிழைக் கோட்டில் நிறுத்தி, கடிகார முள்ளைப் படிக்கிற மாதிரி படித்துத் தன் கையாலேயே தாளின் ஓரத்தில் எழுதினார்: மணி பத்து இருபது, இரண்டு நிமிடம் முன்னால்.